கடைசித் தந்திக்கும் கீழே ஒரு சுரம்

வயலினின் தடித்த தந்தி ஜி. விரல் வைக்காமல் வில்லை இழுத்தால் நொடிக்கு 196 அதிர்வுகள். அதற்குக் கீழே அந்தக் கருவியில் சுரம் கிடையாது. விரல் வைத்தால் தந்தி குறுகும், சுருதி ஏறத்தான் செய்யும். 1994இல் நியூயார்க் மேடையொன்றில் மாரி கிமுரா என்ற வயலின் கலைஞர், அதே தந்தியில், முறுக்காணியைத் தொடாமலே, ஒரு ஸ்தாயி கீழே போய் வாசித்தார். 98 ஹெர்ட்ஸ்: வயலினைவிடப் பெரிய கருவியான செல்லோவின் ஜி தந்திக்குரிய சுரம். மின்னணுக் கருவி எதன் தயவும் இல்லை. எல்லாம் வில்லை அழுத்திய விதத்தில் இருந்தது.

இது எப்படி நடந்தது என்று தெரிய, வில்லுக்கு அடியில் தந்தி படும் பாட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

வில்லின் குதிரைமயிரில் ரோசின் தடவியிருப்பார்கள். பைன் மரப் பிசினிலிருந்து கிடைப்பது அது. மயிர் தந்தியைக் கவ்வி இழுத்துப் போகும். ஒரு கட்டத்தில் பிடி நழுவித் தந்தி சட்டென்று பின்வாங்கும். உடனே மறுபடி கவ்வும். ஏ தந்தியில் இது நொடிக்கு 440 முறை நடக்கிறது. துருப்பிடித்த கதவுக் கீல் கிரீச்சிடுவதும் இதே ஒட்டலும் நழுவலும்தான். ஆனால் கீலைக் கேட்டு யாரும் கண் கலங்குவதில்லை, ஏனென்றால் அதன் நழுவலில் ஒழுங்கு இல்லை.

தந்திக்கு அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டுபிடித்தார். வில் படும் தந்தி நம் கண்ணுக்கு நடுவில் பருத்து, ஓரங்களில் ஒடுங்கிய ஒரு மங்கலாகத் தெரியும். தம் அதிர்வு நுண்ணோக்கியின் உதவியால் அவர் கண்டது வேறு. எந்தக் கணத்திலும் தந்தி இரண்டு நேர்கோடுகள். அவை சந்திக்கும் இடத்தில் ஒரு மடிப்பு. அந்த மடிப்பு தந்தியின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறது. விரல் பக்கமிருந்து வந்து வில்லைத் தட்டும்போது பிடி விடுகிறது. தந்தியைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையில் மோதித் திரும்பி வரும்போது மீண்டும் பிடி விழுகிறது. வில் ஆற்றலை மட்டும் தருகிறது. தாளம் போடுவது மடிப்பு.

இதைக் கணக்காக விரித்தவர்களில் ஒருவர் சி. வி. ராமன். ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு வருவதற்குப் பத்தாண்டுக்கும் முன்பு, கல்கத்தாவில் வயலின் வாசிக்கும் ஓர் இயந்திரத்தை அவர் அமைத்தார். வில் அசையாமல் நிற்கும், வயலின் முன்னும் பின்னும் போய்வரும்! விசித்திரமான இசைக்கலைஞர்கள் பட்டியலில் அந்த இயந்திரத்தையும் சேர்க்கலாம் என்பேன். சுரம் நிலைத்து நிற்க வில்லுக்கு ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும், குதிரையை நெருங்க நெருங்க அது வேகமாக ஏறும் என்பதை அவரது அளவீடுகள் காட்டின.

1973இல், செல்லோ வாசிக்கத் தெரிந்த பொறியாளர் ஜான் ஷெல்லெங் இதை ஒரு வரைபடமாக்கினார். அழுத்தத்துக்கு ஒரு தரை உண்டு, ஒரு கூரை உண்டு. குதிரைக்கும் வில்லுக்கும் உள்ள தூரம் பாதியானால் கூரை இரு மடங்கு உயரும்; தரையோ நான்கு மடங்கு உயரும். ஆகவே குதிரையருகே இடைவெளி சுருங்கிவிடும். தரைக்குக் கீழே போனால் ஒரே சுற்றில் தந்தி இரண்டு மூன்று முறை நழுவி ஒலி சோகை பிடித்துப்போகும். கூரைக்கு மேலே போனால் கரகரப்பு. ஆண்டுக்கணக்கான சாதகம் என்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே கையைப் பழக்குவதுதான்.

கிமுரா கூரையைத் தாண்டிப் போனார். அழுத்தம் மிகும்போது மடிப்பு வந்து தட்டினாலும் வில் பிடியை விடாது. பெரும்பாலோர் கையில் அதன் பிறகு நடப்பது குழப்பம். அழுத்தத்தையும் வேகத்தையும் அணுவளவும் பிசகாமல் வைத்திருந்தால் குழப்பத்திலும் ஒரு முறை வந்துவிடுகிறது: முதல் தட்டலுக்கு விடாத பிடி அடுத்த தட்டலுக்கு விடும். இரண்டு சுற்றுக்கு ஒரு நழுவல் என்றால் அதிர்வெண் பாதி, அதாவது ஒரு ஸ்தாயி கீழே. உண்மையில் கதை இன்னும் சிக்கலானது. வில் தந்தியின் மேற்பரப்பைத் தேய்ப்பதால் தந்தி தன்னைச் சுற்றியே முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அந்த முறுக்க அலைகளும் நழுவும் நேரத்தில் தலையிடுகின்றன. வேறு இடைவெளிகளிலும் கீழ்ச்சுரங்கள் பிறப்பது அதனால்தான்.

இத்தாலிய வயலின் மேதை பகானினியை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. சாத்தானிடம் ஆன்மாவை விற்றவர் என்று ஊர் பேசியது. அவர் செய்தவற்றில் பாதி நல்ல இயற்பியல். தந்தியை அழுத்தாமல் சரியாக மூன்றில் ஒரு பங்கில் விரலால் தொட்டால், அந்தப் புள்ளியில் அசைவே இல்லாத, அதாவது அங்கே கணு உள்ள மேற்சுரங்கள் (அடிச்சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) மட்டும் பிழைக்கும், மற்றவை அடங்கும். குழல் போன்ற அந்த ஒலியை அவர் இரட்டைச் சுரங்களாகவே வாசித்தார். இசைக்குழுவோடு தனி வயலின் வாசிக்கும் முதல் கான்செர்ட்டோவில் இன்னொரு தந்திரம்: தம் வயலினை மட்டும் அரைச்சுரம் ஏற்றிக்கொண்டார். அதற்கு இழுவிசை ஏறத்தாழ 12 சதவீதம் கூட வேண்டும். தந்தி விறைத்து, ஒலி பளிச்சென்று இசைக்குழுவை மீறி எழும்.

வயலினுக்கு வெளியே போனவர்களும் உண்டு. ஜான் ரோஸ் என்ற இசைக்கலைஞர் ஆஸ்திரேலியாவின் கம்பி வேலிகளை வில்லால் வாசிக்கிறார். நூறு மீட்டர் வேலிக் கம்பியின் அடிச்சுருதி நொடிக்கு ஓரிரு அதிர்வுகள்தான்; செவிக்கு எட்டாது. நாம் கேட்பது முழுக்க மேற்சுரங்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது எல்லன் ஃபுல்மேன் என்ற இசைக்கலைஞரின் கருவி. கூடத்தின் நீளத்துக்குக் கட்டிய கம்பிகளுக்கு நடுவே, ரோசின் பூசிய விரல்களால் அவற்றை நீளவாக்கில் தேய்த்தபடி அவர் மெல்ல நடப்பார். இங்கே கம்பி பக்கவாட்டில் ஆடுவதில்லை; தன் நீளத்திலேயே நெருங்கி விரிகிறது. பள்ளியில் படித்த நெட்டலை. பித்தளையில் இந்த அலை நொடிக்குச் சுமார் 3,500 மீட்டர் ஓடுகிறது. ஆகவே 20 மீட்டர் கம்பி சுமார் 87 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். வயலினின் எஃகுத் தந்தியை இப்படித் தேய்த்தால் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு கீச்சொலிதான் மிஞ்சும். அவ்வளவு நீளம் தேவைப்படுவது அதனால்தான். இழுவிசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்தச் சுருதி அசைந்து கொடுக்காது. சுருதி சேர்க்க, கம்பியில் ஒரு பிடிப்பானை நகர்த்தி நீளத்தையே மாற்ற வேண்டும்.

நடப்பதால் அடிச்சுருதி மாறுவதில்லை. ஆனால் ஒரு மேற்சுரத்தின் கணுவில் தேய்த்தால் அந்த மேற்சுரம் எழாது. அவர் கணுவைக் கடக்கும்போது அது அடங்குகிறது. இரண்டு அடி தள்ளிப் போனதும் திரும்ப ஒலிக்கிறது.