எபுலோ: படையல் எழுவருள் ஒருவர்

உரோம் நகரின் தூய பவுல் வாயிலை ஒட்டி ஏறத்தாழ 36 மீட்டர் உயரத்தில் நிற்கும் வெண்பளிங்குப் பிரமிடு, கி.மு. 12-க்கு முன் மறைந்த காயுஸ் கெஸ்தியுஸின் கல்லறை. அவரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் அக்கல்லறையில் வெட்டப்பட்ட பதவிப் பெயர்களே. அவற்றுள் ஒன்றான 'எபுலோ' என்பதை 'உணவுத்துறை அதிகாரி' என்று பெயர்ப்பதைப் பலமுறை படித்துவிட்டேன். ஒருவரின் நினைவு முழுவதும் ஒருசில சொற்களில் தங்கியிருக்கையில், அவற்றில் ஒன்றைத் தவறாகப் பெயர்ப்பது சிறு பிழையன்று.

இலத்தீனில் 'எபுலும்' என்பது தெய்வத்தின் பொருட்டு நடக்கும் பொதுவிருந்து. அதை நடத்துபவர் எபுலோ. கி.மு. 196-இல் மூவராகத் தொடங்கிய இக்குழு பின்னர் எழுவராயிற்று. சீசர் பதின்மராக்கிய பிறகும் 'எழுவர்' என்ற பெயரே நிலைத்தது.

'உணவுத்துறை' என்றவுடன் தமிழ் வாசகர் மனத்தில் தோன்றுவது அரிசியும் கிடங்கும் பங்கீடும்தான். உரோமில் தானிய வழங்கலுக்கு 'அன்னோனா' என்று பெயர். அதைக் கவனிக்க வேறு அதிகாரிகள் இருந்தனர். எபுலோக்களோ அந்நகரின் நான்கு பெருங்குருமார் குழுக்களுள் ஒன்றைச் சேர்ந்தவர்கள். உரோமரின் தலைமைத் தெய்வமான யுபிதேரின் திருவுருவை மஞ்சத்திலும், யூனோ, மினெர்வா ஆகிய தேவியரின் உருவங்களை இருக்கைகளிலும் அமர்த்தி உணவு படைத்து, செனட்டர்களும் உடனுண்ணும் வழிபாடு அவர்கள் பொறுப்பில் நடந்தது. மூலச்சொல்லைத் தேடாமல் ஆங்கிலத்தில் கிடைக்கும் ஒற்றைவரி விளக்கத்தையே தமிழாக்குவதால்தான் குருவானவர் அலுவலராகிவிடுகிறார். இவ்வழக்கம் நம் வரலாற்று மொழிபெயர்ப்புகளில் பெருகிவருவது வருத்தம் தருகிறது.

'விருந்தோம்புநர்' என்பாரும் உளர். சொல் தூய தமிழே ஆயினும் பொருள் பொருந்தவில்லை. விருந்து என்பதன் பழம்பொருள் புதுமை. புதிதாய் வந்தவரை இல்லத்தார் பேணுவதே விருந்தோம்பல். தம் கோயிலிலேயே உணவேற்கும் யுபிதேர் எவ்வகையில் புதியவர் ஆவார்? தெய்வத்தின்முன் உணவை வைத்துப் பின் அனைவரும் கூடி உண்பதற்குத் தமிழில் 'படையல்' என்ற சொல் இன்றும் வீடுதோறும் வழங்குகிறது. அது நாட்டார் வழக்கு என்று தயங்குவோருக்கு நான் சொல்வது, வழக்கில் உயிரோடிருப்பதே அதன் வலிமை என்பதுதான். ஆகவே குழுவைப் 'படையல் எழுவர்' எனலாம்.

கெஸ்தியுஸின் கல்வெட்டில் இச்சொல் இருமுறை வருவதையும் மொழிபெயர்ப்பாளர் நோக்க வேண்டும். தந்தை பெயருக்கும் குலப்பிரிவுக்கும் அடுத்து நிற்கும் முதல் 'எபுலோ' அவர் பெயரின் பகுதிபோல் அமைந்திருப்பதால் அதை அப்படியே எழுதிவிடலாம். பிரேத்தர் (நீதி வழங்கும் உயர் அதிகாரி), திரிபூன் (பொதுமக்களின் உரிமை காக்கும் அதிகாரி) ஆகிய பதவிகளுக்குப் பின்வரும் இரண்டாவதையே 'படையல் எழுவருள் ஒருவர்' என்று பெயர்க்க வேண்டும்.