புது விமானக் கிட் வர ஏன் இத்தனை நாள்?

பாகம் பாகமாகப் பெட்டியில் வந்து நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல்தான் கிட். அதைத் தயாரிக்கும் பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் வழக்கமாக ஜனவரியில் அந்த ஆண்டுக்கான பட்டியலை அறிவிக்கும். மாடல் கட்டுபவர்கள் அதில் முதலில் தேடுவது ‘நியூ டூல்’ என்ற இரண்டு சொற்களைத்தான். பழைய அச்சிலேயே வார்த்து, புதுப் பெட்டியில் புது டிகால் (சின்னங்களை ஒட்டும் படத்) தாளோடு வருவது வேறு. எஃகில் புதிதாக அச்சு வெட்டி வருவதுதான் ‘நியூ டூல்’. இரண்டாவது வகைக்கு மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கான காரணம் அந்த எஃகுக்குள்தான் இருக்கிறது.

போல்டன் பால் டிஃபையன்ட் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப்போரில் பறந்த பிரிட்டிஷ் சண்டை விமானம். முன்னோக்கிச் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கண்ணாடிக் கூண்டில் நான்கு துப்பாக்கிகள், அவ்வளவுதான். 1940 மே மாதம் டன்கர்க் வானில் இதை ஓட்டிய 264ஆம் படைப்பிரிவுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்றே பெயர். சென்னை மாகாணம் கொடுத்த போர் நிதிக்காக வைத்தது. முன்னாலும் அடியிலும் சுட வழியில்லை என்பதை ஜெர்மானிய விமானிகள் கண்டுகொண்டதும், இதைப் பகல் சண்டையிலிருந்து விலக்கி இரவுக் காவலுக்கு அனுப்பினார்கள். ஆயிரத்துக்கும் மேல் கட்டியதில் இன்று முழுசாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அது பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.

ஏர்ஃபிக்ஸ் தன் புது டிஃபையன்டுக்காக அந்த ஒற்றை விமானத்தை லேசர் ஒளியால் அளந்தது. கருவி சுற்றிலும் ஒளித் துடிப்புகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து கணினியில் விமானத்தின் உருவம் எழும். ஆனால் அதை அப்படியே சுருக்கிவிட முடியாது. வயதான விமானத்தில் தகடு நெளிந்திருக்கும், பழுதுபார்த்த இடம் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் பழைய வரைபடங்களையும் போர்க்காலப் புகைப்படங்களையும் பக்கத்தில் வைத்து, எது அசல், எது காலத்தின் வேலை என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்.

அடுத்தது அளவு. 1/72 என்பது விமான மாடல்களின் மிகப் பழகிய அளவு. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிவிடுவான். 1936இல் பிரிட்டனில் வந்த ஃப்ராக் பெங்குயின் பிளாஸ்டிக் கிட்டுகளே இந்த அளவில்தான் இருந்தன. டிஃபையன்டின் 12 மீட்டர் இறக்கை இதில் 16.7 சென்டிமீட்டர்.

நீள அகலத்தை 72ஆல் வகுத்துவிடலாம். தடிமனை வகுக்க முடியாது. கிட்டில் இறக்கைத் தகடு சுமார் 1 மில்லிமீட்டர் இருக்கும். அதை அசல் அளவுக்குப் பெருக்கினால் 72 மில்லிமீட்டர், பீரங்கி வண்டிக்கு மாட்டும் கவசம்போல. அசல் விமானத்தின் தகடோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதை 72ஆல் வகுத்துப் பாருங்கள், தலைமுடியைவிட மெல்லியதாகிவிடும். அவ்வளவு குறுகலான இடுக்கில் உருகிய பிளாஸ்டிக் ஓடாது, பாதி வழியிலேயே உறைந்துவிடும். தகட்டு இணைப்புக் கோடும் அப்படித்தான். கிட்டில் 0.1 மில்லிமீட்டர் கோடு போட்டாலும் அசலில் அது 7 மில்லிமீட்டர் பிளவு. ஆகவே நல்ல வடிவமைப்பாளர் வெறுமனே சுருக்குவதில்லை. கண்ணுக்கு எது சரியாகத் தெரியும் என்று பார்த்து எங்கே பொய் சொல்லலாம் என்று முடிவெடுக்கிறார். கிட் நன்றாக அமைவதும் சொதப்புவதும் இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

இப்போது எஃகு. அச்சு இரண்டு பாதிகளாக இருக்கும். அவை இறுக மூடிக்கொண்டதும் 200 டிகிரிக்கு மேல் உருகிய பாலிஸ்டைரீன் பெரும் அழுத்தத்தில் உள்ளே பாயும். குளிர்ந்ததும் அச்சு திறக்கும், சிறு தண்டுகள் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை வெளியே தள்ளும். பாகங்களின் உள்பக்கம் வட்ட வட்டமாகத் தெரிவது அந்தத் தண்டுகள் பட்ட தடம்.

அச்சு நேர்கோட்டில்தான் திறக்கும். விமான உடலை இடம், வலம் என்று இரண்டு ஓடுகளாகப் பிரிப்பது இதனால்தான். பழைய கிட்டின் உடல் ஓடு ஒன்றை விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். பக்கவாட்டில் தெளிவாக ஓடும் கோடுகள் முதுகை நெருங்க நெருங்க மங்கி மறைந்துபோகும். அச்சு பக்கவாட்டில் விலகும்போது, முதுகில் ஆழமான கோடு இருந்தால் எஃகு அதில் மாட்டிக்கொள்ளும், பாகம் கிழியும். இன்று சில கிட்டுகளில் மூன்றாவது, நான்காவது திசையிலும் நகரும் எஃகுத் துண்டுகளை வைக்கிறார்கள். செலவு ஏறும், ஆனால் துப்பாக்கிக் குழலின் வாயில் நிஜமாகவே துளை இருக்கும்.

பழைய கிட்டுகளில் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருந்ததற்கும் அச்சுதான் காரணம். எஃகில் ஒரு கோடு கீறினால் பிளாஸ்டிக்கில் அது மேடாக வரும். அது சுலபம். பிளாஸ்டிக்கில் பள்ளம் வேண்டுமென்றால் எஃகில் மெல்லிய மேடு நிற்க வேண்டும். அதாவது அந்த மேட்டைத் தவிர சுற்றியுள்ள எஃகு முழுவதையும் எடுக்க வேண்டும். இதற்கு அச்சு வெட்டும் பட்டறையில் ஸ்பார்க் ஈரோஷன் என்று ஒரு முறை உண்டு. இறக்கையின் உருவத்தைச் செம்பிலோ கிராஃபைட்டிலோ கோடுகளோடு வெட்டுவார்கள். அதை எண்ணெய்க்குள் இருக்கும் எஃகின் அருகே, தொடாமல் கொண்டுபோவார்கள். இடைவெளியில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் மின்பொறி பாயும். ஒவ்வொரு பொறியும் எஃகில் ஒரு துளியை உருக்கி எடுக்கும். மணிக்கணக்கில் இது நடந்தபின் எஃகில் இறக்கையின் எதிருருவம் பதிந்திருக்கும், கோடுகள் மேடாக நிற்கும். அவசரப்படுத்த முடியாத வேலை.

கண்ணாடிக் கூண்டுக்கு இன்னும் பொறுமை வேண்டும். எஃகில் ஒரு கீறல் இருந்தாலும் ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் அது அப்படியே தெரியும். அந்தப் பகுதியைக் கண்ணாடிபோலத் தேய்த்து மெருகேற்ற வேண்டும்.

அப்புறம் முதல் வார்ப்பு. இதை டெஸ்ட் ஷாட் என்பார்கள். பாலிஸ்டைரீன் குளிரும்போது ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்கும். டிஃபையன்ட் இறக்கையில் அது 0.8 மில்லிமீட்டர். அச்சை அதற்கேற்பப் பெரிதாக வெட்டியிருந்தாலும் தடித்த இடம் மெதுவாகக் குளிர்ந்து உள்ளிழுக்கும், மேற்பரப்பில் குழி விழும். திருத்தம் ஒரு பக்கம்தான் சுலபம். எஃகை இன்னும் கொஞ்சம் எடுத்துவிடலாம். எடுத்ததைத் திரும்ப வைப்பது பெரும்பாடு. அதனால் முதலில் எஃகைச் சற்று மிச்சம் வைத்து வெட்டி, வார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். அறிவிப்புப் படத்தில் பார்த்த கிட் கடைக்கு வரத் தாமதமாவது பெரும்பாலும் இந்தச் சுற்றுகளில்தான்.

வெட்டிய அச்சு அதை வெட்டச் சொன்ன நிறுவனத்தைவிட நீண்ட காலம் இருக்கும். நியூசிலாந்தில் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் தொடங்கிய கிட் நிறுவனமான விங்நட் விங்ஸ், முதல் உலகப்போர் விமானங்களை 1/32 அளவில் அற்புதமாகச் செய்துவந்தது. அவர்கள் அறிவித்திருந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை மட்டும் 97 சென்டிமீட்டர். 2020இல் நிறுவனம் மூடப்பட்டபோது அது கடைக்கு வந்திருக்கவில்லை. முன்பதிவு செய்துவிட்டு அலமாரியில் இடம் ஒதுக்கி வைத்தவர்கள் மனம் உடைந்துபோனார்கள். ஆனால் எஃகு அப்படியே இருந்தது. அச்சு கைமாறியது, அதே லங்காஸ்டர் பின்னர் சீனாவின் பார்டர் மாடல் பெயரில் பெட்டியில் வந்து இறங்கியது.