ஆறு மடங்கு அரிசி வந்த வழி

1950-51இல் இந்தியாவில் விளைந்த அரிசி சுமார் 2 கோடி டன். 2020-21இல் அது 12 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஆறு மடங்கு! எங்கிருந்து வந்தது இவ்வளவும்?

மேலோட்டமான கணக்கு சுலபம். பரப்பை மகசூலால் பெருக்கினால் உற்பத்தி. நெல் பயிரிட்ட பரப்பு 3.08 கோடி ஹெக்டேரிலிருந்து 4.58 கோடியானது, அதாவது ஒன்றரை மடங்கு. ஹெக்டேருக்கு 668 கிலோவாக இருந்த அரிசி மகசூல் 2,717 கிலோவாக, நான்கு மடங்கானது. ஒன்றரை நாலு ஆறு.

இதில் பரப்புக்கு எவ்வளவு, மகசூலுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கும்போதுதான் தகராறு. பரப்பு 10 சதவீதமும் மகசூல் 20 சதவீதமும் கூடினால் உற்பத்தி 30 அல்ல, 32 சதவீதம் கூடும். அந்த 2 யாருடையது? புதிதாகச் சேர்ந்த பரப்பில் கூடுதல் மகசூலாக விளைந்தது அது, இரண்டுக்கும் பொது. சின்ன எண்தானே என்று விட முடியாது. எழுபது ஆண்டு அரிசிக் கணக்கில், கூடிய ஏறத்தாழ 500 சதவீதத்தில் 150 இந்தப் பொதுப்பங்குதான். இதை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும்.

பரப்பு என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். நாட்டில் நிகர சாகுபடி நிலம் 1970 வாக்கிலேயே 14 கோடி ஹெக்டேரை எட்டி, அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் குறுவை போட்டுத் தாளடியும் போட்டால் அதே வயல் புள்ளிவிவரத்தில் இரண்டு வயல். அதற்குத் தண்ணீர் வேண்டும், சீக்கிரம் அறுவடைக்கு வரும் ரகமும் வேண்டும். 1960களில் தஞ்சாவூர் வட்டாரத்தில் பரவிய ஆடுதுறை 27 சுமார் 105 நாள் பயிர். நாளைக் குறைத்தது விதை ஆராய்ச்சி. பலன் பதிவானதோ பரப்புக் கணக்கில்!

மகசூலின் கதை தண்டில் இருக்கிறது. பழைய நெட்டை ரகங்களுக்குத் தழைச்சத்தைத் தாராளமாகக் கொடுத்தால் பயிர் உயர்ந்து, கதிர் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். உரம் வீண், நெல்லும் சேற்றில். 1966இல் பிலிப்பைன்ஸில் வெளியான ஐ.ஆர். 8 நெல் ரகம், தைவான் குட்டை ரகம் ஒன்றின் மரபணுவைச் சுமந்து வந்தது. தண்டு குட்டை, அதனால் உரத்தைத் தாங்கும். முன்பு பயிரின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கே நெல், மீதி வைக்கோல். இப்போது பாதிக்குப் பாதி. மாட்டுக்குத்தான் நஷ்டம். விதை, உரம், தண்ணீர் மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டின் பலன் பெரிதும் குறைந்துவிடும். எனவே 'விதையால் இத்தனை, உரத்தால் இத்தனை' என்று யாராவது துல்லியமாகப் பிரித்துச் சொன்னால் நான் சந்தேகப்படுவேன்.

கோதுமையின் கதை வேறு. மகசூல் ஐந்து மடங்குக்கு மேல் கூடியது. பரப்பும் மூன்று மடங்குக்கு மேல் விரிந்தது. மொத்தத்தில் பதினேழு மடங்கு.

எல்லாத் தானியங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இன்னொரு வித்தையும் நடக்கும். 1950-51இல் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கு மேல் விளைந்த சோளம் இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஹெக்டேருக்கு ஒரு டன் தரும் சோளக்காட்டில் மூன்று டன் தரும் மக்காச்சோளத்தைப் போட்டால் தானியச் சராசரி ஏறும். சோளமும் பழைய மகசூல்தான், மக்காச்சோளமும் பழைய மகசூல்தான். மாறியது பயிர் மட்டுமே.