ஏடிஎம் கார்டு யார் கையில்?

பழைய வட ஆற்காட்டில், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளில் பெண்கள் நிறைய வேலை செய்கிறார்கள். அப்படி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். காதலித்துக் கல்யாணம் செய்தவள். முதல் சம்பளம் வந்ததும் கார்டைக் கணவனிடம் நீட்டி, "நீங்களே பாத்துக்கோங்க" என்கிறாள். யாரும் பிடுங்கவில்லை. நாளெல்லாம் தையல் மெஷினில் குனிந்துவிட்டு வந்து வாடகைக் கணக்கும் பார்க்க வேண்டாமே என்ற நிம்மதிதான்.

இதில் தப்பே இல்லை என்பேன். எல்லாவற்றையும் இருவரும் பேசிப்பேசி முடிவெடுத்தால் களைப்புதான் மிஞ்சும். ஆனால் அவள் மனமொப்பிச் சொன்ன அந்தச் 'சரி' அப்படியே நிற்பதில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் எமர்சன் 1962இல் ஒன்றை விளக்கினார். அதிகாரம் யாருடைய சொத்தும் அல்ல, இருவருக்கிடையில்தான் இருக்கிறது. நான் உங்களை எவ்வளவு சார்ந்திருக்கிறேனோ, அவ்வளவுதான் என் மேல் உங்கள் அதிகாரம். எனக்கு வேண்டியது உங்களிடம் இருந்தால் சார்பு கூடும். அது வேறு இடத்திலும் கிடைத்தால் குறையும். இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லார்ட் வாலர் 1938லேயே இதையொட்டிச் சொல்லியிருந்தார்: உறவு நீடிப்பதில் யாருக்கு அக்கறை குறைவோ, அவர் கைதான் ஓங்கும்.

இப்போது அந்த வீட்டுக்கு வாருங்கள். குழந்தை பிறக்கிறது, வேலையை விடுகிறாள். கார்டின் பின் நம்பர் மறந்துபோகிறது. வாணியம்பாடியில் இருக்கும் அம்மாவைப் பார்க்கக்கூட பஸ் காசு கேட்டு வாங்க வேண்டும். இதை யாரும் திட்டமிடவில்லை. அன்று 'வேண்டாம்' என்றிருந்தால் அவளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. இன்று அதே சொல்லுக்கு விலை உண்டு. வாய் அதே 'சரி'யைத்தான் சொல்கிறது, பின்னால் நிற்பது வேறு. வேலை போய் வீட்டில் இருக்கும் கணவனுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

தராசை நகர்த்தச் சண்டை போட வேண்டியதில்லை. மாற்று வழிகள் பெருகினாலே அதிகாரம் சமப்படும் என்கிறார் எமர்சன். கம்பெனி பஸ்ஸில் கூட வந்தவளோடு சேர்ந்து போடும் சிறு சீட்டு, விடாமல் பேசிவரும் ஒரு தோழி, இவையெல்லாம் இந்தக் கோட்பாட்டில் வெறும் துணை அல்ல, எடைக்கற்கள்.

ஒப்புதல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி, திருப்பிக் கேட்டுப் பார்ப்பது. "இந்த மாசம் நான் பாக்கறேன், கார்டக் குடுங்க." சில வீடுகளில் கார்டோடு பின் நம்பரும் சேர்ந்தே வரும். சில வீடுகளில், "ஏன், என் மேல நம்பிக்கை இல்லியா?" என்று வரும். பணத்தைப் பற்றிக் கேட்டவள், தன் அன்புக்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.