பூசணம் பூத்தால்தான் இனிக்கும்

திராட்சைக் குலையில் பூசணம் பூத்தால் விவசாயிக்கு வயிறு கலங்கும். ஹங்கேரியின் வடகிழக்கில் உள்ள டோக்காய் வட்டாரத்திலோ அந்தப் பூசணத்துக்காகத் தவம் கிடக்கிறார்கள். அங்கே விளையும் 'அசு' என்ற இனிப்பு ஒயினுக்கு அதுதான் உயிர். 1737லேயே அரசாணை போட்டு எல்லை வகுக்கப்பட்ட மண் இது. 2002 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம்.

பூஞ்சையின் பெயர் போட்ரிடிஸ் சினீரியா. ஈரம் விடாமல் நீடித்தால் இதே பூஞ்சை குலையையே அழுகச் செய்துவிடும். டோக்காயைக் காப்பாற்றுவது அங்குள்ள இலையுதிர்காலப் பகல்பொழுது. போட்ரோக், டிசா ஆறுகள் கூடுமிடத்திலிருந்து விடியலில் மூடுபனி எழுந்து சரிவுகளில் படியும். அந்த ஈரத்தில் பூஞ்சை முளைத்து, பழத்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடும். உச்சிவெயிலும் காற்றும் வந்ததும் அதன் பரவல் அடங்கும். துளைகள் வழியே நீர் ஆவியாகும். வாரக்கணக்கில் இப்படியே நடக்க, பொன்பச்சைப் பழம் கருஞ்சிவப்பாகிச் சுருங்கி, சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும்.

வெயிலில் காய்ந்த உலர்திராட்சையும் இதுவும் ஒன்றல்ல. பூஞ்சை சர்க்கரையிலும் அமிலத்திலும் தன் பங்கைத் தின்றுவிட்டு, வழவழப்பான கிளிசராலையும் புது மணங்களையும் விட்டுச் செல்கிறது. ஒயினில் வரும் ஆப்ரிகாட், தேன் வாசனைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. நீர் வெகுவாக வற்றுவதால் எஞ்சிய சர்க்கரையும் அமிலமும் செறிகின்றன. ஃபுர்மின்ட் என்ற அங்குள்ள முக்கிய ரகத்துக்கு இயல்பிலேயே புளிப்பு அதிகம். குளிர்ந்த பருவம் அதைக் குறையவிடாது. இத்தனை இனிப்பும் திகட்டாமல் இருப்பதற்கு அந்தப் புளிப்புதான் காரணம் என்பேன்.

ஒரே குலையில் எல்லாப் பழமும் ஒருசேரச் சுருங்காது. எனவே அதே கொடிக்குத் திரும்பத் திரும்பப் போய், சுருங்கியதை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கிறார்கள். அதைச் சாற்றிலோ ஒயினிலோ ஊறவைத்துப் பிழிகிறார்கள். 136 லிட்டர் பீப்பாய்க்குச் சுமார் 25 கிலோ கொள்ளும் கூடையால் இந்தப் பழம் எத்தனை கூடை சேர்த்தார்கள் என்பதே பழைய இனிப்புக் கணக்கு.

தேன் கெடாமல் இருப்பது ஏன் என்று தெரிந்தால் அடுத்ததும் புரியும். மிகுந்த சர்க்கரை, அதை ஆல்கஹாலாக மாற்றும் நுண்ணுயிரான ஈஸ்டின் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். ஈஸ்ட் சோர்ந்து, நொதித்தல் பாதியில் நிற்கும். மீதிச் சர்க்கரை அப்படியே தங்கும். அசுவில் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி.

தொட்டியில் குவித்த பழங்கள் தம் எடையாலேயே நசுங்கிச் சொட்டும் சாறு 'எசென்சியா'. அதில் லிட்டருக்கு 450 கிராமுக்குக் குறையாத சர்க்கரை. ஆண்டுக்கணக்கில் நொதித்தாலும் ஆல்கஹால் பெரும்பாலும் 5, 6 சதவீதத்தைத் தாண்டாது. பாகுபோல் இருக்கும் அதைக் கரண்டியில்தான் பரிமாறுவார்கள்.