ஆட்டம் முடியவில்லை, மணி ஏழாகிவிட்டது

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இலையுதிர்கால ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.55. நாடு தழுவிய தொலைக்காட்சி நெட்வொர்க்கான சிபிஎஸ்ஸின் நிகழ்ச்சிகளைக் காட்டும் ஏதோ ஓர் ஊர் நிலையத்தில், ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் கன்ட்ரோல் அறையில் ஓர் ஊழியர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே திரையில் அன்றைய ஒளிபரப்பு வரிசை, அதாவது பிளேலிஸ்ட். ஒவ்வொரு வரியிலும் நிகழ்ச்சியின் பெயர், நீளம், தொடங்கும் நேரம். அந்த நேரம் நொடியோடு நிற்பதில்லை. நொடிக்கு ஏறக்குறைய 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்ற கணக்கில், எந்த ஃபிரேமில் மாற வேண்டும் என்பது வரை குறித்திருக்கும். ஏழு மணிக்கு ‘60 மினிட்ஸ்’ செய்தித் தொடர். ஆனால் பக்கத்துத் திரையில் ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலில் இன்னும் நாலு நிமிட ஆட்டம் பாக்கி. ஆட்டக் கடிகாரத்தில் நாலு நிமிடம் என்றால் கைக்கடிகாரத்தில் கால் மணி நேரம்கூட ஆகும்.

அவர் செய்வது சின்ன வேலைதான். ஏழு மணி வரியை, ‘நேரம் வந்ததும் தானாக ஓடு’ என்ற நிலையிலிருந்து ‘நான் பொத்தானை அழுத்தினால் ஓடு’ என்ற நிலைக்கு மாற்றுகிறார். அதற்குக் கீழே இருக்கும் அத்தனை வரிகளின் நேரமும் மிதக்க ஆரம்பிக்கின்றன. அந்த ஒரு மாற்றத்துக்குப் பின்னால் ஒப்பந்தங்கள், சட்டம், நேர மண்டலங்கள், விளம்பரக் கணக்கு என்று பெரிய ஏற்பாடே இருக்கிறது. தொலைக்காட்சித் தொழிலின் நுட்பமே இந்த மாதிரி இடங்களில்தான் வெளிப்படுகிறது என்பது என் எண்ணம்.

நம்மூரில் ஒரு தமிழ்ச் சேனலைப் போட்டால் சென்னையிலும் நாகர்கோவிலிலும் ஒரே காட்சி. அமெரிக்காவில் அப்படியில்லை. பார்வையாளர் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் நாட்டை 210 சந்தைகளாகப் பிரித்திருக்கிறது. ஒவ்வொரு சந்தையிலும் தனித்தனி நிலையங்கள். நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெருநகரங்களில் சில நிலையங்கள் சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் போன்ற நெட்வொர்க்குகளுக்கே சொந்தம். மற்றவை பெரும்பாலும் வேறு நிறுவனங்களின் சொத்து. ஒப்பந்தம் போட்டு நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகளை வாங்கி ஒளிபரப்புகின்றன. இவற்றுக்கு அஃபிலியேட் என்று பெயர். ஒளிபரப்பு உரிமம் நிலையத்தின் பெயரில் இருக்கிறது. அதனால் தன் அலைவரிசையில் என்ன போகிறது என்பதற்கு அரசின் தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் பதில் சொல்ல வேண்டியதும் நிலையம்தான்.

சிக்கலின் வேர், விளையாட்டுக்கு முடிவு நேரம் கிடையாது என்பது. அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம் என்பது கடிகாரப்படி 60 நிமிடம். பந்து பிடிபடாமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும், புள்ளி எடுத்தால் நிற்கும், அணி இடைவேளை கேட்டால் நிற்கும். ஆக மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போய்விடும். சமன் ஆனால் கூடுதல் நேரம் வேறு. பேஸ்பாலில் கடிகாரமே கிடையாது. 2023-ல் பந்து வீசுவதற்கு நேரக் கட்டுப்பாடு வந்த பிறகுதான் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாக இறங்கியது. நிகழ்ச்சி அட்டவணையோ அரை மணி, ஒரு மணிக் கட்டங்களால் ஆனது.

இந்த மோதலுக்கு அமெரிக்காவில் ஒரு மூலக்கதை உண்டு. 1968 நவம்பர் 17. என்பிசியில் நியூயார்க் ஜெட்ஸுக்கும் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கும் ஆட்டம். கிழக்கு நேரப்படி நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை ஒதுக்கியிருந்தார்கள். ஏழு மணிக்கு ‘ஹைடி’ என்ற குழந்தைகளுக்கான தொலைக்காட்சிப் படம். டைமெக்ஸ் கடிகார நிறுவனம் அந்த நேரத்தை மொத்தமாக விலைக்கு வாங்கியிருந்தது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. ஏழு மணி நெருங்கும்போது ஜெட்ஸ் 32-29 என்று முன்னிலை. பாக்கி 65 நொடி. ஒளிபரப்பைக் கவனித்துக்கொண்டிருந்த அதிகாரிக்குக் கொடுத்திருந்த உத்தரவு, ஏழு மணிக்குப் படம் தொடங்க வேண்டும் என்பது. தொடங்கிவிட்டார்.

இதற்கிடையே மேலதிகாரிகள் மனம் மாறி, ஆட்டத்தை முடிய விடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். அதைச் சொல்லத் தொலைபேசியை எடுத்தால் இணைப்பு கிடைக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டவர்களும், படம் நேரத்துக்கு வருமா என்று கேட்டவர்களுமாகச் சேர்ந்து என்பிசியின் தொலைபேசி இணைப்பகத்தையே அடைத்துவிட்டார்கள். கிழக்கே பெரும்பகுதி மக்கள் மலைநாட்டுச் சிறுமியின் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ரெய்டர்ஸ் ஒன்பது நொடி இடைவெளியில் இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்த்து எடுக்கும் புள்ளி) எடுத்து 43-32 என்று ஜெயித்தது. என்பிசியின் தலைவர் ஜூலியன் குட்மன் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அதன்பின் கட்டுப்பாட்டு அறைக்கு வேறு இணைப்பகம் வழியாக ஒரு தனித் தொலைபேசி வைத்தார்கள். அதன் பெயரே ‘ஹைடி ஃபோன்’. ஆடும் அணிகளின் சொந்தச் சந்தைகளில் ஆட்டத்தைக் கடைசி வரை காட்டியாக வேண்டும் என்பதும் பின்னர் லீக் ஒப்பந்தங்களில் ஏறியது. அந்த அதிகாரி தனக்குச் சொன்னதைத்தான் செய்தார். கோளாறு, முடிவெடுப்பவருக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரே ஒரு வழி இருந்ததில்.

இன்று ஆட்டம் நீண்டால் இரண்டு வழி. ஒன்று, பின்னால் வருவதை எல்லாம் அப்படியே தள்ளுவது. இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியில் பாதியில் போய்ச் சேர்ந்துகொள்வது. சிபிஎஸ் பொதுவாகத் தள்ளும். ஆட்டம் ஒதுக்கிய நேரத்தைத் தாண்டி 37 நிமிடம் நீண்டால் அன்றிரவு எல்லாமே 37 நிமிடம் தாமதம். மேற்குக் கரைக்கு இந்தத் தொல்லை இல்லை: கிழக்கே மாலை 4.25-க்குத் தொடங்கும் ஆட்டம் அங்கே பகல் 1.25-க்குத் தொடங்கி ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். ‘60 மினிட்ஸ்’ அவர்களுடைய ஏழு மணிக்குச் சரியாக வரும். அந்த 4.25 கூடக் கணக்குப் போட்டு வைத்ததுதான். முன்பு 4.15-ஆக இருந்தது, அன்று அதற்கு முன் நடக்கும் முதல் ஆட்டம் நீண்டு இரண்டாவதன் தொடக்கத்தில் மோதுவதைக் குறைக்க 2012-ல் பத்து நிமிடம் தள்ளினார்கள். ஃபாக்ஸின் உத்தி வேறு. ஆட்டத்துக்குப் பின் ஒரு விளையாட்டு அலசல் நிகழ்ச்சியை வைத்திருக்கிறது. ஆட்டம் நீண்டால் அது சுருங்கும், குறைந்தால் விரியும். இரண்டில் ஃபாக்ஸின் வழிதான் பார்வையாளருக்கு நல்லது என்பேன்.

தாமதத்தின் சுமை கடைசியில் உள்ளூர் நிலையத்தின் தலையில் விழுகிறது. இரவு 11 மணிச் செய்தி நிலையத்தின் சொந்தத் தயாரிப்பு. அதன் விளம்பர வருமானமும் நிலையத்துக்கே. செய்தி 11.37-க்குத் தொடங்கினால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். வராமல் போன விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் வேறொரு நாளில் ஈடாக இடம் தர வேண்டும்; இதைத் தொழிலில் மேக்-குட் என்பார்கள். ஆட்டத்தின் நடுவே உள்ளூர் விளம்பரம் போடுவதும் எளிதல்ல. இடைவேளை எப்போது வரும் என்று நிலையத்துக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே நெட்வொர்க் தன் சிக்னலுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை அனுப்புகிறது. அது வந்ததும் நிலையத்தின் கணினி உள்ளூர் விளம்பரங்களை ஓட்டிவிட்டுத் திரும்ப ஆட்டத்துக்கு வருகிறது.

நெட்வொர்க் தருவதை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நிலையத்துக்கு உண்டு. அந்த உரிமையைப் பறிக்கும் ஒப்பந்தம் போடக்கூடாது என்று எஃப்சிசி விதியே இருக்கிறது. 2000 அக்டோபர் 3 அன்று அதிபர் வேட்பாளர்கள் ஜார்ஜ் புஷ்ஷும் அல் கோரும் முதல் தேர்தல் விவாதத்தில் மோதிய இரவு, என்பிசியிடம் யாங்கீஸ், ஓக்லண்ட் ஏ’ஸ் அணிகள் மோதும் பேஸ்பால் பிளேஆஃப் (பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்று) இருந்தது. எதைக் காட்டுவது என்பதை என்பிசி நிலையங்களின் விருப்பத்துக்கே விட்டது. பொறுப்பைத் தட்டிக்கழித்தது என்று கடும் விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இப்படி ஒரு இரவில் முடிவை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுப்பது, யாரும் முடிவெடுக்காமல் இருப்பதற்குச் சமம்.

கேபிள் சேனலில் மட்டும் வரும் என்எஃப்எல் ஆட்டத்தையும், ஆடும் அணிகளின் சொந்த ஊர்களில் ஆண்டெனாவில் கிடைக்கும் ஒரு நிலையம் காட்ட வேண்டும் என்பது லீகின் ஏற்பாடு. அப்போது அந்த நிலையத்தின் வழக்கமான நிகழ்ச்சி எங்கே போகும்? சில நேரம் நள்ளிரவுக்குப் பின். சில நேரம் அதே நிலையத்தின் துணைச் சேனலுக்கு.

துணைச் சேனலைச் சாத்தியமாக்கியது டிஜிட்டல் மாற்றம். முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12-ல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. ஒரு நிலையத்துக்கு ஒதுக்கிய 6 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நொடிக்கு 19.39 மெகாபிட் அனுப்பலாம். தரவு 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண். 7.1 என்ற முதன்மைச் சேனலைப் போட்டால் தொலைக்காட்சிப் பெட்டி அதற்குரிய எண்களை மட்டும் பொறுக்கி எடுக்கும், 7.2 என்ற துணைச் சேனலைப் போட்டால் வேறு எண்களை.

ஆனால் மொத்தம் அதே 19.39 மெகாபிட்தான், இங்கே விளையாட்டு பெரிய தீனிக்காரன். வீடியோவைச் சுருக்கும் முறை, முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்புவது. செய்தி வாசிப்பவர் முகத்தில் உதடும் கண்ணும்தான் அசையும். பந்தைத் துரத்திக் கேமரா திரும்பினாலோ புல்லின் ஒவ்வொரு கீற்றும், பின்னால் இருக்கும் கூட்டத்தின் ஒவ்வொரு தலையும் இடம் மாறும். அதனால் சேனல்களுக்கு இடையே பிட்டுகளைக் கணத்துக்குக் கணம் மாற்றிப் பங்கிடுகிறார்கள். பங்கீடு தவறினால் புல்தரை கட்டம் கட்டமாக உடையும். துணைச் சேனலுக்குப் போன நிகழ்ச்சி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும் என்றும் சொல்ல முடியாது. கேபிள் நிறுவனங்கள் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டியது நிலையத்தின் முதன்மைச் சேனலை மட்டும்தான்.

எல்லா ஒப்பந்தத்துக்கும் மேலே ஒன்று இருக்கிறது: வானிலை. டொர்னேடோ என்ற சுழற்காற்று பற்றிய எச்சரிக்கை வந்தால் எந்த ஆட்டமானாலும் உள்ளூர் நிலையம் குறுக்கிடலாம். சில நிலையங்கள் திரையை இரண்டாகப் பிரித்து ஆட்டத்தை ஒரு பக்கம் சிறிதாக ஓட விடுகின்றன. 2019 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் கோல்ஃபின் இறுதிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது அட்லாண்டாவின் சிபிஎஸ் நிலையம் டொர்னேடோ எச்சரிக்கைக்காகக் குறுக்கிட்டது. டைகர் உட்ஸ் 11 ஆண்டுக்குப் பின் மேஜர் எனப்படும் பெரிய கோல்ஃப் பட்டம் ஒன்றை வென்ற நாள் அது. எச்சரிக்கை சொன்ன வானிலையாளருக்குக் கொலை மிரட்டல்கள்கூட வந்தன. அவர் செய்தது சரி. நியூயார்க்கில் இருக்கும் நெட்வொர்க் அறைக்கு நாடு முழுவதும் ஒரே படம். எந்த மாவட்டத்துக்காரர்கள் அடுத்த பத்து நிமிடத்தில் வீட்டின் அடித்தளத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பார்க்கும் ரேடார் திரை அட்லாண்டாவில்தான் இருந்தது.