சேர்க்கை சரியில்லை என்று சொல்லுமுன்

திருகோணமலையில் உளவளத்துணையாளராக இருக்கும் என்னிடம் போதைப் பழக்கம் என்று பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்: "மிஸ், என்ட பிள்ளை நல்லவன். சேர்க்கைதான் சரியில்லை." உவர்மலையில் இருந்து வரும் அம்மாவும் சொல்வார், கிண்ணியாவில் இருந்து வரும் உம்மாவும் சொல்வார். அந்தச் சேர்க்கையில் உள்ள மற்றப் பையனின் தாய் வந்தால், அவர் இந்தப் பிள்ளையைக் காட்டி இதையே சொல்வார். இருவர் சொல்வதும் பொய்யில்லை. இரண்டு பேருமே நல்ல பிள்ளைகள்தான்.

யாரோ முகம் தெரியாதவன் பாடசாலை வாசலில் நின்று இனிப்பில் போதைப்பொருளைக் கலந்து கொடுத்துவிடுவான் என்ற பயம் வீடுகளில் நிறைய இருக்கிறது. ஆனால் நான் கேட்ட கதைகளில் முதல் தடவை கொடுத்தவர் அநேகமாகத் தெரிந்தவர். மச்சான் முறைக்காரன், கூட விளையாடுபவன், ரியூசனில் அடுத்த வாங்கில் இருப்பவன். இடமும் பழகிய இடம்தான்: மேட்ச் முடிந்த மைதானம், பொழுதுபட்ட பிறகு கடற்கரை, தாய் வெளிநாட்டிலும் தகப்பன் வேலையிலும் இருக்கும் ஒரு நண்பனின் வீடு. மிரட்டல் எதுவும் இல்லை. "ஒருக்காப் பார் மச்சான், ஒண்டும் செய்யாது." பல நேரம் அதைக்கூட யாரும் சொல்வதில்லை. எல்லோரும் எடுக்கும்போது தான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருப்பது அந்தப் பிள்ளையால் தாங்க முடியாததாக இருக்கிறது.

இதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதின்வயதினரையும் பெரியவர்களையும் ஸ்கேன் கருவிக்குள் வைத்துக் கார் ஓட்டும் விளையாட்டொன்றை ஆடவிட்டார்கள். நண்பர்கள் பக்கத்து அறையில் இருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பதின்வயதினர் கூடுதலாகத் துணிந்து ஓட்டினார்கள். மூளையில் இன்பத்தையும் வெகுமதியையும் கவனிக்கும் பகுதியும் அப்போது அதிகமாகத் தூண்டப்பட்டது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. சாமிப் படத்தின் முன் "தொடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்த பையன் அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னான். ஆனால் மாலையில் கூட்டத்துக்கு நடுவில் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

பெற்றோர் ஐஸ் (மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள்) என்ற ஒன்றுக்குத்தான் நடுங்குகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் பிள்ளைகள் அங்கிருந்து தொடங்குவது குறைவு. சிகரெட், மாவா (பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் கலவை), கஞ்சா, நரம்பு வலிக்குக் கொடுக்கிற மாத்திரை என்று போகும். மாவாவைப் போதை என்று நினைக்காத பிள்ளைகளே அதிகம். அதில் உள்ள பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அதோடு புகையிலையும் சேர்கிறது. வாய் எரியுது, முந்தி மாதிரி வாயை அகலத் திறக்க முடியவில்லை என்று பதினாறு வயதுப் பிள்ளை சொன்னால் உடனே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். இன்னொன்று: 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரெட்டும் மதுவும் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "அப்பாவுக்குத்தான்" என்று பிள்ளை சொன்னாலும் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. தயவுசெய்து நீங்களே பிள்ளையை அனுப்பி வாங்காதீர்கள்.

சரி, தெரிந்துவிட்டது. முதலில் என்ன செய்கிறோம்? போனைப் பறிக்கிறோம், அந்த நண்பனின் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடிக்கிறோம், விளையாட்டை நிறுத்துகிறோம். சில பாடசாலைகள் பிள்ளையை விலக்கியும் விடுகின்றன. இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் மனம் நோகும். பாடசாலையும் மைதானமும் போனால், எதுவும் எடுக்காத நண்பர்கள்தான் முதலில் கையை விட்டுப் போவார்கள். பகல் முழுக்கச் சும்மா இருக்கும் பிள்ளையோடு பொழுதைக் கழிக்க யார் மிச்சம்? எடுக்கிறவர்கள்தான். பிரச்சினை உள்ள பிள்ளைகளை மட்டும் ஒரே அறையில் சேர்த்து வகுப்பு வைப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. அப்படியான குழுக்களில் ஒருவர் பழக்கத்தை மற்றவர் வளர்த்துவிடுவதுண்டு என்று அமெரிக்க உளவியலாளர் தாமஸ் டிஷியனும் கூட இருந்தவர்களும் 1999லேயே எழுதிவிட்டார்கள்.

ஆகவே நண்பர்களை வெட்டிவிடுவதைவிட, தப்பி வர வழி செய்து கொடுப்பது நல்லது. நான் வீடுகளுக்குச் சொல்லும் ஓர் ஏற்பாடு இது. பிள்ளையும் நீங்களும் சாதாரணமான ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் அவன் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். நீங்கள் உடனே போன் எடுத்து, "அம்மம்மாவுக்குச் சுகமில்லை, ஓடி வா" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி கூப்பிடுங்கள். அவன் மானத்தோடு எழும்பி வரலாம். வந்த இரவு ஒரு கேள்வியும் கேட்காதீர்கள், சாப்பாட்டைக் கொடுங்கள். விசாரணை தொடங்கினால் அந்தச் சொல் இன்னொரு தரம் வராது. "அம்மா வாயை மணந்து பார்ப்பா, அடிதான் விழும்" என்று உங்கள்மேல் பழி போடவும் அனுமதி கொடுங்கள். நண்பர்கள் மதிக்கும் சாக்கு அது.

இரவிரவாக முழித்திருந்து பிறகு ஒருநாள் முழுக்க அடித்துப்போட்டதுபோல் தூங்குவது, மெலிந்துபோவது, வீட்டுக்காரரையே சந்தேகப்படுவது, காசும் பொருளும் காணாமல் போவது, இவை சேர்ந்து வந்தால் கவனியுங்கள். தனித்தனியே வந்தால் அது சோதனைப் பயமாகவோ காதல் தோல்வியாகவோ கூட இருக்கலாம். பையைக் கிளறுவதற்கு முன் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

பழகிவிட்ட பிள்ளையை அறையில் பூட்டி வைத்து மறக்கடிக்கப் பார்க்காதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதற்கு முன் யாரோடாவது பேச வேண்டுமென்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, உளநல உதவிக்கு 1926 இருக்கின்றன. வீட்டில் மாத்திரை அட்டை ஏதும் கிடைத்திருந்தால் கோபத்தில் எறிந்துவிடாமல் கையோடு கொண்டு போங்கள், எதை எடுத்தான் என்று வைத்தியர் அதைப் பார்த்தே அறியலாம்.